நோ சொல்லப் போய் யெஸ் சொன்ன நாள்

1. ரயிலில் ஒத்திகை

மேட்ரனைப் பார்க்கப் போன அன்று ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறியதிலிருந்து நான் 'நோ' சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். வாய்க்குள்ளேதான். ஆனாலும் எதிரே இருந்த மனுசி பேப்பரை இறக்கி இரண்டு தரம் என்னைப் பார்த்தார். விசர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும், எனக்கு அன்றைக்கு ஒரு நோ வேண்டியிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எட்டு வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். கடைசி இரண்டு வருடம் ஒரு சர்ஜிக்கல் வார்டே என் பொறுப்பில் இருந்தது. சிட்னிக்கு வந்ததும் அதெல்லாம் கப்பலேறிவிட்டது. என் படிப்பை இங்கே பதிவு செய்து தரும்வரை மேற்குப் புறநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நேர்சிங் எய்ட் வேலை. பெட்பான் கழுவுவது, கட்டில் துணி மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. பரமேஸ்வரி என்ற பெயரையும் முதல் நாளே 'பாம்' என்று வெட்டிவிட்டார்கள். பெட்பான் கழுவுவதில் எனக்கு வெட்கம் இல்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளை டிரெஸ்ஸிங்கைப் பிழையாகக் கட்டும்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடு.

ஒருவழியாக ரெஜிஸ்ட்ரேஷன் வந்து சேர்ந்தது. இனி நான் சிஸ்டர், தலையில் வெள்ளைத் துணி கட்டலாம். சம்பளம் எவ்வளவு என்று தாதிமாருக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கூப்பிட்டுச் சொல்லுவார். சிஸ்டர்மாரின் சம்பளம் அனுபவத்தைப் பார்த்து வருடத்துக்கு வருடம் படி ஏறும். முதலாம் வருடப் படிக்கும் உச்சமான ஐந்தாம் வருடப் படிக்கும் நல்ல வித்தியாசம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஆபீஸ் முதலாம் படியில்தான் போடுகிறது என்று தேநீர் அறையில் கதை அடிபட்டது.

எனக்கு அந்தப் படி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், என் மகள் வதனி ஊரில் மச்சாளோடு இருந்தாள். விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. நானும் கணவரும் இருந்தது ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில். அங்கே பிள்ளைகளோடு இருக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஐந்தாம் படி கிடைத்தால் வேறு வீடு பார்த்து அந்த வருடமே பிள்ளையைக் கூப்பிடலாம். முதலாம் படி என்றால் எப்போது என்று தெரியாது. மச்சாள் எழுதிய கடைசிக் கடிதத்தில், பிள்ளை இப்போது தன்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறது என்று இருந்தது. சந்தோஷமான செய்தி என்று நினைத்துத்தான் பாவம் அவ எழுதியிருப்பா. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

என் கணவர் குசினி மேசையில் என்னை இருத்தி வைத்து வகுப்பு எடுத்தார். "அவ முதலாம் வருசம் எண்டு சொன்னால் நீர் நோ எண்டு சொல்லும். ஒரே ஒரு நோ. பிறகு வாயை மூடிக்கொண்டு இரும், அவ கதைக்கட்டும்" என்றார். தான் வேலை செய்த பெயின்ட் ஃபாக்டரியில் அவர் ஒரு நாளாவது நோ சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

2. மேட்ரனின் அறை

மேட்ரன் உயரமான, எலும்பும் தோலுமான மனுசி. அதுவரை சிரித்ததை நான் கண்டதில்லை. மேசைக்கு முன்னால் நின்றேன். ரெஜிஸ்ட்ரேஷன் வந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு, ஆபீசில் என்னை முதலாம் வருடப் படியில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "யூ டோன்ட் மைண்ட், டூ யூ, சிஸ்டர்?" என்று கேட்டார்.

உனக்கு இதில் ஆட்சேபணை இல்லைத்தானே, சிஸ்டர் என்கிறார்.

இந்த நாட்டில் என்னை முதன்முதலில் ஒருவர் சிஸ்டர் என்று கூப்பிட்டது அப்போதுதான். அந்த ஒரு சொல்லில் நான் உருகிப்போனேன். ரயிலில் பழகிய நோ எந்த ஸ்டேஷனில் இறங்கியதோ தெரியாது. தலையை ஒரு பக்கம் ஆட்டி, "யெஸ், மேட்ரன்" என்றேன்.

நான் சொன்னது எங்கள் ஊர் ஓம், அதாவது ஆம். ஊரில் 'உமக்கு ஆட்சேபணை இல்லைத்தானே?' என்று கேட்டால் 'ஓம்' என்போம். ஓம், நீங்கள் சொல்வது சரி, ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். அதைத்தான் அப்படியே இங்கிலீஷில் தூக்கிப் போட்டேன்.

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். "யூ டூ மைண்ட்?" என்றார்.

பதற்றத்தில் எனக்கு மைண்ட் என்ற சொல் மட்டும்தான் கேட்டது. முதல் தரம் நான் சொன்னது விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரக்க, "யெஸ், மேட்ரன்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். என்ன பிழை விட்டேன் என்றே தெரியவில்லை. அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். பிறகு நிதானமாக, ஏன் உனக்குச் சம்மதமில்லை என்று சொல் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய பாஷையில் என் யெஸ், ஆட்சேபணை இருக்கிறது என்பது. ஐயோ மேட்ரன், நான் சொன்னது அதில்லை என்று திருத்த வாயைத் திறந்தும் விட்டேன். தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மச்சாளின் கடிதம் ஞாபகம் வந்தது. வாயை மூடினேன். கணவர் எடுத்த வகுப்பில் அந்தப் பாதியாவது பலித்தது.

இரண்டாம் தரம் வாயைத் திறந்தபோது முழு வசனமாக வந்தது. எட்டு வருடம் வேலை செய்தவள், இரண்டு வருடம் வார்டு பொறுப்பெடுத்தவள், என்னை முதலாம் வருடப் பிள்ளையாகக் கணக்கெடுப்பது சரியில்லை என்றேன்.  ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

மேட்ரன் போனை எடுத்து ஆபீஸ்காரரைக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளை சம்மதமில்லை என்கிறாள். என் முகத்துக்கு நேரே, இரண்டு தரம்" என்றார். அந்தப் பக்கம் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். மேட்ரன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இவளை நைட் டியூட்டியில் தனியே வார்டு பொறுப்பெடுக்க வைக்கச் சொல்லி நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? முதலாம் வருடப் பிள்ளை என்றால் நான் எப்படித் தனியே விடுவது?"

அங்கே இறங்கி வந்ததும் போனை வைத்தார். ஐந்தாம் வருடப் படி என்று தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். போகலாம் என்றார்.

வெளியே வந்து நேரே பெட்பான் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். என் கால் நிலத்தில் நிற்கவில்லை. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், முகத்தைக் கழுவினேன். அத்தனை மாதமும் அந்த அறையில் என் மூக்குக்குப் பழகாத மணம் அன்றைக்குத் தெரியவே இல்லை.

வீட்டில் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீரே, நான் சொல்லித் தந்த நோ!" என்று அன்று முழுக்கப் பெருமை அடித்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நானும் புட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

3. ஒரு நாள் லீவு

புது வீடு பார்த்தோம். மெல்பேர்னுக்குக் குடிவர இருந்த ஊர்க் குடும்பம் ஒன்று சிட்னி வழியாக வருவதாகவும், பிள்ளையைக் கூட்டிவருவதாகவும் ஒப்புக்கொண்டது. ஏர்போர்ட் போக லீவு கேட்டு மறுபடி மேட்ரன் முன்னால் நின்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குத் துணிவு வந்து, ஓம் கதையையும் அவிழ்த்துவிட்டேன். நீங்கள் நினைத்ததுபோல நான் தைரியசாலி இல்லை, சம்மதம் என்றுதான் சொன்னேன் என்றேன்.

மேட்ரனுக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அப்படியென்றால், நீ சம்மதமில்லை என்று சொல்ல நினைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டார்.

"நோ, மேட்ரன் என்று சொல்லியிருப்பேன். வழி முழுக்க அதைத்தான் பழகினேன்."

"நோ என்றிருந்தால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்து, நான் உன்னை முதலாம் படியில் போட்டிருப்பேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மேட்ரன் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.  தைரியம் வந்திருந்தால் கெட்டிருப்பேன், பயந்ததால் தப்பினேன்.

இப்போது சிட்னிப் புறநகரான கெல்லிவில்லில் வீடு வாங்கி, டாக்டரைப் போல மருந்து எழுதித் தரும் நேர்ஸ் பிரக்டிஷனர் ஆகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், முதல் சம்பளம் எப்படிப் பேசுவது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். யெஸ்ஸையும் நோவையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இத்தனை வருடம் செய்தேன், இன்னது செய்வேன், இவ்வளவு வேண்டும் என்று முழு வசனமாகச் சொல்லுங்கள். நான் அதிர்ஷ்டத்தில் தப்பினேன். உங்களுக்கும் ஒரு நல்ல மேட்ரன் கிடைப்பா என்று நம்பிப் போகாதீர்கள்.

4. ஏர்போர்ட்டில்

வதனி வளர்ந்திருந்தாள். கூட்டிவந்த குடும்பத்து மனுசியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தாள். கையை நீட்டினேன், வரவில்லை. பொம்மையைக் காட்டினேன், பொம்மையைத்தான் பார்த்தாள். கணவர் கூப்பிட்டும் பலனில்லை. சுற்றி நின்றவர்கள், கொஞ்சம் விடுங்கோ, பழகிடும் என்றார்கள்.  முட்டுக்காலில் இருந்து, "அம்மாட்டை வரமாட்டீங்களோ, குஞ்சு?" என்று கேட்டேன்.

பிள்ளை தலையை ஒரு பக்கம் ஆட்டி, "ஓம்" என்றாள்.

ஓம், வரமாட்டேன். சுத்தமான எங்கள் ஊர் ஓம். நான் அதை மேட்ரனின் பாஷையில் எடுத்துக்கொண்டேன். அப்படியே அள்ளித் தூக்கினேன்.

"பிள்ளை மாட்டன் எண்டெல்லே சொல்லுது" என்றார் கணவர்.

"ஆர் சொன்னது? யெஸ் எண்டெல்லே சொன்னவள்" என்றேன்.

கொஞ்சம் திமிறினாள். இரண்டு உதை விட்டாள். கார் நிறுத்திய இடம் வருமுன் என் தோளில் நித்திரையாகிவிட்டாள்.