ஆறாம் நம்பர் மிஷின்

ராஜபாளையத்தின் பழைய நூற்பு மில் ஒன்றில் பரிபூரணம் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். அதில் முதல் ஒன்பது வருஷமும் வைண்டிங் பிரிவில் ஆறாம் நம்பர் மிஷின்தான் அவளுக்கு. அவள் ஷிப்டில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. நூற்கிற மிஷினிலிருந்து சின்னச் சின்னக் கண்டுகளாக வரும் நூலை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுப் பெரிய கோன்களாகச் சுற்றித் தருவதுதான் வைண்டிங் வேலை. அறுபதாம் நம்பர் மெல்லிசு நூல் ஓடியது ஆறாம் நம்பரில் மட்டும்தான். தலைமுடியைவிட மெல்லிசான அந்த நூலில் முடிச்சுப் போடுவது எல்லோருக்கும் கைவராது.

மில்லைப் பார்க்க வெளியூரிலிருந்து யார் வந்தாலும் சின்னக்கருப்பன் மேஸ்திரி அவர்களை ஆறாம் நம்பருக்குத்தான் கூட்டி வருவார். "நல்லாக் கவனிங்க சார், முடிச்சு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். வந்தவர்கள் குனிந்து நூலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். பரிபூரணம் அவர்களை நிமிர்ந்தே பார்க்க மாட்டாள். ஆனால் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் அவளுக்குக் கால் வலிக்காது.

எண்பத்தாறாம் வருஷம் அவளுக்கு மூன்றாவது பிரசவம். மூன்று மாத லீவு முடிந்து காலை ஷிப்டுக்கு வந்தபோது ஆறாம் நம்பரில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். தளவாய்புரத்து அழகுத்தாய். லீவு போட்டவர்களுக்குப் பதிலாக வந்து நிற்கும் பதிலி ஆள். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒல்லியான நீளக் கை. காதோரம் கனகாம்பரம்.

"வாங்கக்கா, பிள்ளை நல்லாருக்கா?" என்று சிரித்தாளே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை.

பரிபூரணம் மேஸ்திரியைத் தேடிப் போனாள்.

"கொஞ்ச நாளைக்கு நீ ஒன்பதாம் நம்பர்ல நில்லும்மா" என்றார் அவர். "அந்தப் பிள்ளைக்கு மெல்லிசு நூல் நல்லா ஓடுது. ஷிப்டுக்கு நாலு கோன் கூடுதலா எறக்குறா. சூப்பர்வைசரே சொல்லிட்டாரு."

"ஒன்பதுல தடிச்ச நூலு, நாப்பதாம் நம்பர்லா ஓடுது அண்ணாச்சி?"

"நூலு நூலுதானம்மா. போ, மிஷின் சும்மா நிக்குது."

ஒன்பதாம் நம்பர் ஆறுக்கு நேர் எதிரே, நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் இருந்தது. எட்டு மணி நேரமும் அழகுத்தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பரிபூரணத்துக்கு மார் கனத்து, ரவிக்கை பாலில் நனைந்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சி விட்டு வருவாள். அவள் வருவதற்குள் நாலைந்து நூல் அறுந்து கிடக்கும். எதிரே அழகுத்தாய் ஓட்டமும் நடையுமாக, பக்கத்தில் நிற்பவளோடு பேசிச் சிரித்துக்கொண்டு, கையைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவாள். அவள் ஒரு ஷிப்டில் எத்தனை தடவை சிரிக்கிறாள் என்றுகூடப் பரிபூரணத்தால் சொல்ல முடியும்.

லீவுக்கு முன்னால் தனக்கு வாய்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக அங்கே போய்ச் சேருவதை அவள் பார்த்தாள். மேஸ்திரி அழகுத்தாயை 'அழகு' என்று கூப்பிட ஆரம்பித்தார். தன்னை அவர் ஒருநாளும் 'பரி' என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட்டிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது. ஆனாலும் இது உறுத்தியது. கோயம்புத்தூரிலிருந்து காலேஜ் பையன்கள் மில்லைப் பார்க்க வந்தபோது மேஸ்திரி நடுப்பாதையில் நடந்து வந்து, ஒன்பதுக்கு முதுகைக் காட்டி, ஆறுக்கு முன்னால் அவர்களை நிறுத்தினார். "நல்லாக் கவனிங்க தம்பிகளா" என்றார். அதே வார்த்தை. அழகுத்தாய் வெட்கப்படாமல் நிமிர்ந்து பார்த்து, அவர்களுக்கு முடிச்சை மெதுவாகப் போட்டும் காட்டினாள். பையன்கள் கைதட்டினார்கள்.

பரிபூரணத்துக்கு யாரும் கைதட்டியதில்லை.

அன்று சாயந்திரம் புருஷன் தவசிமுத்துவிடம் சொல்லி அழுதாள். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு ஜின்னிங் பேக்டரியில் பஞ்சை அமுக்கிப் பேல் போடும் பிரஸ்ஸில் நிற்பவன்.

"மிஷின் என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா? எதுல நின்னாலும் ஒரே கூலிதான? இதுக்குப் போயி அழுவுத" என்றான்.

அவனுக்கு இது புரியாது என்று அவளுக்குப் பட்டது. அதன் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் போகப் போக அது உள்ளேயே வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலில் இருக்கும்போதும் அழகுத்தாயின் கனகாம்பரம்தான் கண்ணுக்குள் வந்தது. அவளுக்குக் காய்ச்சல் வர வேண்டும், கை விரல் மிஷினில் மாட்ட வேண்டும் என்றெல்லாம் நினைத்துவிட்டு, பிறகு பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அடுத்த வருஷம் சித்திரையில் அழகுத்தாயை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாசம் வேலையைப் பார்த்துவிட்டு உறுதி செய்வதாகக் கடிதம் கொடுத்தார்கள். அவள் பிரிவு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பரிபூரணத்துக்கு மட்டும் இரண்டு. "அக்கா, நீங்க லீவு போட்டதாலதான் எனக்கு இந்த வேலையே கெடச்சது" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அந்த உண்மையைத்தான் பரிபூரணத்தால் தாங்க முடியவில்லை. மிட்டாயைக் கழிவுப் பஞ்சுக் கூடையில் போட்டாள்.

அதற்கு நாலாம் நாள் அதைச் செய்தாள்.

அந்த மில்லில் நூல் நம்பரைக் கோனுக்குள் இருக்கும் காகிதக் கூம்பின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்வார்கள். அறுபதுக்கு நீலம், நாற்பதுக்கு மஞ்சள். சுற்றியவள் யார் என்று தெரிவதற்கு அவளவள் நம்பர் போட்ட சீட்டு ஒன்றைக் கூம்புக்குள் ஒட்ட வேண்டும். பரிபூரணம் மூன்று நீலக் கூம்புகளை எடுத்துத் தன் மிஷினில் மாட்டினாள். அவற்றில் நாற்பதாம் நம்பர் நூலைச் சுற்றினாள். சாப்பாட்டுச் சங்கு ஊதி எல்லோரும் கை கழுவப் போன நேரம் பார்த்து, ஆறாம் நம்பர் மிஷின் மேலிருந்த தகர டப்பாவைத் திறந்து அழகுத்தாயின் நம்பரான இருபத்தேழு போட்ட மூன்று சீட்டுகளை எடுத்தாள். ஒட்டினாள். அழகுத்தாயின் தள்ளுவண்டியில் அறுபதாம் நம்பர் கோன்களுக்கு நடுவில் வைத்தாள். பிறகு போய்த் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டாள். பசித்தது. இரண்டு பேருக்கு ஆகும் சோற்றைச் சாப்பிட்டாள்.

ஒன்றரை மாதம் எதுவும் நடக்கவில்லை. அவளே மறந்துவிட்ட மாதிரி இருந்த ஒருநாள், ஈரோட்டுப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் துணியும் கோனுமாக வந்து இறங்கினார். வெள்ளைத் துணி நெடுக விரல் அகலத்துக்குத் தடித்த பட்டைகள் ஓடின. மெல்லிசு நூலுக்குள் தடித்த நாற்பதாம் நம்பர் நூல் கலந்திருந்தது. மிச்சம் இருந்த கோனுக்குள் இருபத்தேழாம் நம்பர் சீட்டு.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. மேஜைமேல் துணியை விரித்து, கோனை அதன்மேல் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் காமராஜ், மேஸ்திரி, தொழிற்சங்கத்தின் சார்பில் சௌந்தரபாண்டியன், பக்கத்து மிஷின்காரிகள் மூன்று பேர். அந்த மூன்று பேரில் பரிபூரணமும் ஒருத்தி.

"நான் சுத்துனது இல்ல சார்" என்றாள் அழகுத்தாய். "நாப்பதாம் நம்பர் கைல பட்டா எனக்குத் தெரிஞ்சிராதா சார்? கண்ணைக் கட்டிட்டுக் குடுங்க, சொல்லுதேன்."

"சீட்டு ஒன்னோடதுதான?"

"சீட்டு என்னோடதுதான்."

மேனேஜர் பரிபூரணத்தைப் பார்த்தார். "நீ பழைய ஆளு. எதுத்தாப்புலதான் நிக்கிற. இந்தப் பொண்ணு கவனமா வேலை பாக்குமா?"

அந்த இடத்தில் 'பாக்கும் சார்' என்று சொல்லியிருந்தால்கூட ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும் என்று சௌந்தரபாண்டியன் பிற்பாடு சொன்னார். பரிபூரணம் சொன்னது இவ்வளவுதான்: "பேச்சு ஜாஸ்தி சார்."

உறுதி செய்யாத ஆள் என்பதால் வேலையை விட்டு எடுப்பது சுலபமாக இருந்தது. அழகுத்தாய் அன்றைக்கே கேட்டைத் தாண்டிப் போனாள். மறுநாள் மேஸ்திரி வந்து, "ஆறாம் நம்பருக்குப் போம்மா" என்றார்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் பரிபூரணம் நினைத்த மாதிரி இருக்கவில்லை. ஒன்பது வருஷம் நின்ற இடம் அந்நியமாகத் தெரிந்தது. நூல் அதிகமாக அறுந்த நாளில் மேஸ்திரி, "அழகு இருந்தா இந்நேரம் எறக்கிருப்பா" என்பார். பெண்கள் டீ குடிக்கும்போது அழகுத்தாய் சொன்ன வேடிக்கையைத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார்கள். நேரில் இருந்தவளிடமாவது குறை கண்டுபிடிக்க முடிந்தது. போனவளிடம் ஒரு குறையும் இல்லாமல் போய்விட்டது. தூரத்தில் இருக்கிற அவள்மீது பரிபூரணத்துக்கு முன்னைவிடப் பொறாமை கூடிற்று.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. தொண்ணூற்றைந்தில் ஒருநாள், அடுத்த மிஷினில் நின்ற மெகராஜ் பேகம் ஒரு நைட்டியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள்.

"தையலைப் பாருங்கட்டி. தளவாய்புரத்துல வாங்குனது. யாரு கம்பெனி தெரியுமா? நம்ம அழகுத்தாய். வீட்டு முன்னறையில ஆறு மிஷின் போட்டு ஆள் வச்சுத் தைக்கா. மதுரைக்கெல்லாம் போகுதாம் சரக்கு."

பெண்கள் நைட்டியைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பரிபூரணம் கைக்கும் வந்தது. தையல், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அவளுக்குப் பழைய எரிச்சல் எழுந்தது. தான் இன்னும் இந்தச் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் நிற்க, துரத்தப்பட்டவள் முதலாளி ஆகிவிட்டாள். அதற்கும் தானே காரணம் ஆகிவிட்டோமே என்பது இன்னும் கசந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறோமா, 'என்னாலதான் நீ இப்படி ஆனே' என்று சொல்லிக்காட்டப் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அழகுத்தாய் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா. பரிபூரணத்தைப் பார்த்ததும் தைத்துக்கொண்டிருந்த பெண்களை வெளியே போய் டீ குடிக்கச் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தக் கோனு..." என்று பரிபூரணம் ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"மேனேஜர் ரூம்புல எல்லாரும் அந்தக் கோனையே பாத்தாக. நீங்க மட்டும் ஒருக்காகூடப் பாக்கலை."

வெயில் வாசலில் விழுந்து கிடந்தது. பரிபூரணம் மெதுவாகச் சொன்னாள்: "அதுனாலதான் நீ இன்னைக்கு இம்புட்டு நல்லா..."

"நிறுத்துங்கக்கா." அழகுத்தாயின் குரல் உயரவில்லை. "அப்ப எனக்குச் சேத்தூர்ல மாப்பிள்ளை பேசிருந்தாக. மில்லுல தப்புப் பண்ணி வெரட்டுன பொண்ணு வேண்டாம்னு தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்தாக. பொறவு எவனும் வரலை. எங்கம்மை அந்த ஏக்கத்துலயே போயிச் சேந்தா. இந்த ஆறு மிஷினையும் நான் ஏழு வருசம் அடுத்தவன் கடையில பட்டன் கட்டி வாங்குனேன். இதுல ஒங்களுக்கு ஒரு பங்கும் கெடையாது."

பரிபூரணம் கேட்டாள்: "நான் என்ன செய்யணும், சொல்லு."

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சதுதான. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். பரிபூரணம் இறங்கி நடந்தாள்.

மறுநாள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் புதிதாக வந்தவர். அந்த ஃபைலே இப்போது இல்லை, பழைய கதை எதற்கு, போய் வேலையைப் பாரும்மா என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடத் தோன்றாமல் சௌந்தரபாண்டியனிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். "புதன்கிழமை ஷிப்டு முடிஞ்சதும் கேட் மீட்டிங். தைரியம் இருந்தா வந்து சொல்லு" என்றார்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருநூறு பேர் இருப்பார்கள். பரிபூரணம் மைக்கைப் பிடிக்கவில்லை. "இருபத்தேழாம் நம்பர் சீட்டை எடுத்து ஒட்டுனது நான்தான். அழகுத்தாய் மேல தப்பு இல்ல. எனக்குப் பொறாமை, செஞ்சிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ "அடிப் பாவி" என்றார்கள். மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் அன்றைக்கு வந்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அன்று முதல் வைண்டிங் பிரிவில் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. மெகராஜ் பேகம் மட்டும் தண்ணீர் கேட்டால் கொடுப்பாள்.

இரண்டு வாரம் கழித்து, ஷிப்டு விட்டு வெளியே வந்தபோது டீக்கடை முன்னால் பெரிய சத்தமாக இருந்தது. அழகுத்தாய் வந்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்று, ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி கன்னத்தைத் தடவ, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதற்கோ அழகுத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பார்வை ஒரு கணம் பரிபூரணத்தின்மீது நின்று விலகியது. கூப்பிடவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

பரிபூரணத்துக்குள் அந்தப் பழைய பொறாமை எழுந்தது. எல்லாவற்றையும் ஊரறியச் சொன்ன பிறகு இது போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. அது என்னவென்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதனால் அதன் பேச்சைக் கேட்டு எதுவும் செய்யாமல் இருக்க முடிந்தது. தூக்குவாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றி நடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி நின்றாள்.