பச்சை டின்னுக்குள் வேறு தூள்

குமுதா வேலைக்குப் போகும் பையில், சோற்று டப்பாவுக்கு அடியில், கசங்கிய உறை ஒன்று எப்போதும் இருக்கும். பேரங்காடி தன் சொந்தப் பெயரை அச்சடித்து மலிவாக விற்கும், சுடுதண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மைலோத் தூளின் உறை. சில நாள் பிஸ்கட் உறை. சில நாள் நசுக்கிய சார்டின் டின். ஈப்போ டவுனில் அவள் துணி மடிக்கும் சலவைக் கடையின் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். வீட்டுக் குப்பையில் அது கிடக்கக் கூடாது. கணவர் கனகராஜ் பார்த்துவிடுவார்.

புந்தோங் அடுக்குமாடி வீட்டின் சமையலறைத் தட்டில் பச்சை மைலோ டின் நின்றது. அதன் மூடி தேய்ந்துபோயிருந்தது. உள்ளே இருந்தது கடைத் தூள். கிரீம் கிராக்கர் டின்னுக்குள்ளும் கடைப் பிஸ்கட். சார்டினை மட்டும் மாற்றி ஊற்ற வழியில்லை. அவர் எழுந்திருக்கும் முன்பே குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வாள்.

சாமான்களின் பெயருக்கு ஒருவர் இத்தனை மதிப்புக் கொடுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். கனகராஜ் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டக் கடையில் எல்லாமே மூட்டையிலிருந்து அள்ளித்தான் வரும். பால்மரம் வெட்டிவிட்டு அம்மா வாங்கி வரும் மாவில் வண்டு ஊரும். தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுச் சமையலறை ஜன்னலில் மட்டும் பெயர் போட்ட டின்கள் வரிசையாகத் தெரியும். பெயர் போட்டதைத் தின்பவர்கள், பெயரில்லாததைத் தின்பவர்கள் என்று மனிதர் இரண்டு வகை என்பதைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவர் தெரிந்துகொண்டார். முதலாளிகள் தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது, மளிகைச் சாமான் மொத்த விநியோகம் செய்யும் சீனர் ஒருவரின் லாரியில் கெலிண்டானாக ஏறினார். மூட்டை இறக்கும் ஆளாக இருந்து பிறகு அதே லாரியை ஓட்டினார். தாப்பாவிலிருந்து தைப்பிங் வரை அவர் டின் இறக்காத கடை குறைவு. டின்னைக் காதோரம் குலுக்கிப் பார்த்தே உள்ளே ஈரம் இறங்கியிருப்பதைச் சொல்வார். தன் வீட்டில் அசல் சாமானைத் தவிர வேறு எதுவும் நுழையாது என்று கடைக்குக் கடை சொல்லித் திரிந்தார். அவரை உழைப்பாளி என்று சொல்லலாம். கூட வாழ எளிதானவர் என்று சொல்ல முடியாது.

சிறுநீரகம் கெட்டு லாரியை விட்ட பிறகு சேமநிதிப் பணம் வைத்தியத்துக்கும் வீட்டுக் கடனுக்குமே சரியாகப் போயிற்று. குமுதாவின் சம்பளம் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் பேரங்காடியில் அடுத்தடுத்து நின்ற இரண்டு விலைச் சீட்டுகளை அவள் வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் உறை பையில் ஏறியது. சொல்லியிருக்கலாம். ஆனால் லாரி போயிற்று, பலம் போயிற்று. பெயரையும் அவரிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. டின் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

டாக்டர் தள்ளச் சொன்னவற்றில் மைலோவும் ஒன்று. காலையில் ஒரு கோப்பையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு காலையில் அந்தக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டார்.

"என்னா குமுதா, தூள் போட்டியா, இல்ல டின்ன காட்டிட்டு எடுத்துட்டியா?"

"ரெண்டு கரண்டி போட்டேங்க."

"ஒன்னுமே தெரியலயே. வெறும் சுடுதண்ணி மாரி இருக்கு."

"சீனிய குறைச்சிட்டேன்ல, அதான்."

அவர் எழுந்து போய் டின்னை எடுத்துப் பார்த்தார். பச்சை நிறம், பழகிய எழுத்து. மறுபடி தட்டில் வைத்தார். டின்னைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. நாக்கைச் சந்தேகித்தார்.

அடுத்து பிஸ்கட்டில் ருசியில்லை என்றார். பிறகு சார்டினில். ஒவ்வொரு தடவையும் குமுதா ஏதோ ஒரு காரணம் சொன்னாள். அவர் நம்பவில்லை. நோய் முற்றினால் நாக்கு மாறும் என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தது அவருக்கு நினைவிருந்தது. அதைவிட அழுத்தமாக வேறொன்றும் நினைவிருந்தது. அவருடைய அப்பா தோட்டத்து லயத்தில் படுத்திருந்தபோது, கஞ்சியில் உப்பில்லை, உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மாதமே போய்விட்டார்.

டயாலிசிஸ் தொடங்க வேண்டும், அதற்கு முதலில் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது கனகராஜ் தலையாட்டவில்லை. தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் மலாயில் பொறுமையாக விளக்கினார். வெளியே பேருந்து நிறுத்தத்தில் அவர் குமுதாவிடம் சொன்னார்.

"நாக்கு செத்துப்போச்சு. அப்புறம் கைய கிழிச்சு என்னா செய்ய? எங்கப்பாவுக்கும் இப்டித்தான்."

"அது வேறங்க."

"என்னா வேற? சொல்லு."

பேருந்து வந்தது. ஏறினார்கள்.

அதன்பின் ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாரங்கள் போயின. கால் வீங்கியது. ஜொகூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "அழாதலா, எனக்கு நேரம் வந்துருச்சு, அவ்ளோதான்" என்று ஏதோ லாரி கிளம்பும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

முன்பு அவர் லாரியில் கெலிண்டானாக இருந்த தர்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தான். இப்போது அவனே டிரைவர்.

"என்னா அண்ணே, தவுக்கே மொதலாளி மாரி படுத்துட்டீங்க? லாரி ஒங்கள தேடுதுலா."

"லாரி தேடுனா நீ எங்க போறதா உத்தேசம்? மறுபடி மூட்ட தூக்குவியா?"

"நீங்க வந்தா தூக்குறேன். முன்ன மாரி திட்டக்கூடாது, அதான் கண்டிசன்."

கனகராஜ் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. குமுதா தர்மாவுக்கும் ஒரு கோப்பை மைலோ கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தான். கிளம்பும்போது படிக்கட்டு வரை அவள் கூடவே போனாள்.

"அக்கா, அது கடை மைலோ தானே? இப்ப நான் அந்தச் சாமானத்தான் ஏத்துறேன். எங்க வீட்லயும் அதான்."

"மெதுவா பேசு, தர்மா."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று அவள் தலையசைத்தாள்.

"நாக்கு செத்துப்போச்சுனு என்கிட்டயும் சொல்லிட்டு உக்காந்திருக்காரு அக்கா! நாக்கு நல்லாத்தான் இருக்கு. சாமான்தான் வேற. சொல்லிடுங்க. திட்டுவாரு, திட்டட்டுமே. திட்டுற ஆளு சாவ மாட்டாரு."

அவன் பைக்கின் சத்தம் அடங்கும்வரை அவள் படிக்கட்டிலேயே நின்றாள். கணவர் சாகத் தயாராவது தன்னால்தான் என்பதை மற்றொருவர் வாயால் கேட்பது கொடுமை. அந்தக் கொடுமைக்குள் ஒரு வெளிச்சமும் இருந்தது. தவறு தன்னுடையதென்றால் திருத்துவதும் தன் கையில்தான்.

மறுநாள் வேலை விட்டு வரும் வழியில் அசல் டின் ஒன்று வாங்கினாள். அடுத்த நாள் காலை, அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் புது டின்னையும், பழைய டின்னில் கொள்ளாமல் ஒளித்து வைத்திருந்த பாதி காலியான கடை உறையையும் மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க இத்தன நாளா குடிச்சது இதுதான்" என்று உறையைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் உறையைப் பார்த்தார். புரிய நேரமாயிற்று.

"எப்பலேருந்து?"

"நீங்க லாரிய விட்டதுலேருந்து. பிஸ்கட், சார்டின், எல்லாமே."

"என் வீட்லயே என்னைய ஏமாத்தியிருக்கே."

"ஆமாங்க."

"டின்ன வச்சு! கனகராஜ் டின்ன வச்சு!" முகம் சிவந்து மூச்சு வாங்கினார். தட்டில் இருந்த பழைய டின்னைத் தள்ளிவிட்டார். அது உருண்டு அடுப்படியில் நின்றது. குமுதா குனிந்து எடுக்கவில்லை. திட்டட்டும் என்றுதான் நின்றாள்.

திட்டு பாதியில் நின்றது. அவர் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப நாக்கு போவல?"

"போவலங்க."

"ரெண்டும் கலக்கு" என்றார். "ஒரே மாரி கோப்பையில. எதுல எதுனு சொல்லாதே. நான் சொல்றேன்."

டின்னையும் உறையையும் அடுப்படிக்கு எடுத்துப்போய், அவருக்கு முதுகு காட்டி நின்று அவள் கலக்கினாள். ஒரே அளவு தூள், ஒரே அளவு வெந்நீர், ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள். அசலை அவருக்கு வலப்பக்கம் வைத்தாள், கடைத் தூளை இடப்பக்கம். பரீட்சை அவளுடையதாகத்தான் தோன்றியது. அவர் கண்ணை மூடி வலக் கோப்பையில் ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். இடக் கோப்பையில் ஒரு வாய். நாக்கைச் சப்புக்கொட்டினார், கடைகளில் சாமான் பார்க்கும் காலத்தில் செய்ததுபோல. மறுபடி வலம். மறுபடி இடம்.

முகம் மலர்ந்தது. இடக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுதான்லா ஒரிஜினல்! அந்த மணம் இருக்கு பாரு, அந்த இறுக்கம் இருக்கு பாரு. அது என்னா, வெறும் மண்ணு."

குமுதாவுக்கு அறை முழுவதும் கொஞ்சம் தூரம் போனதுபோல் இருந்தது.

"சரியா?" என்றார், குழந்தைபோல.

"சரிங்க" என்றாள்.

"நம்ம நாக்குலா இது! முப்பது வருசம் சாமான் ஏத்துன ஆளுகிட்டயா வெளாட்டு காட்டுறே?" அவர் சிரித்தார். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "தர்மாவுக்குப் போன் போடு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லு. கைய கிழிக்கிறதுனா கிழிக்கட்டும். இன்னும் நேரம் இருக்கு போல."

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கேட்டதும்தான். அவர் போவார், ஊசிக்குக் கையை நீட்டுவார். அதற்காகவே அவள் இவ்வளவும் செய்தாள். ஆனால் நேற்றுவரை அவர் சாவை எதிர்பார்த்ததற்குப் பொய்யான காரணம்தான் இருந்தது, அந்தப் பொய்யை எடுத்துவிட்டால் அந்த எண்ணமும் போகும் என்று அவள் நம்பியிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். அடியில் உண்மையான காரணம் இருந்தது; நாக்கு நிஜமாகவே போயிருந்தது. இனி ஒப்புக்கொள்ள அவளிடம் எந்தத் தவறும் மிச்சமில்லை. தவறில்லாத இடத்தில் திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாததை இனி அவள் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும்.

"இந்தக் குப்பையக் கொண்டுபோயி ஊத்து" என்று வலக் கோப்பையைத் தள்ளினார்.

அசல் மைலோவைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். சூடான மணம் சமையலறை முழுக்கப் பரவியது. நாற்காலியிலிருந்து அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னும் அரக் கோப்ப கலக்கு குமுதா. இன்னைக்கு மட்டும். அதே நல்லதுலேருந்து போடு, ஆமா!"

"வாரேங்க" என்றாள். புது டின்னும் உறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் உறையைப் பிரித்தாள்.