லாசரின் பெயர் எந்தப் பக்கம்

நவம்பர் மாதத் தமிழ்ப் பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் ஒரு மேசை போடுவார்கள். மேசையில் ஒரு தாள், தாளின் நடுவே ஒரு கோடு. உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்காக இடப்பக்கம். இறந்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக வலப்பக்கம். எழுதும் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். மேசைக்குப் பின்னால் இராயப்பு இருப்பார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர்.

2010 நவம்பரில் மடுத்தீன் அந்தத் தாளின் வலப்பக்கத்தில் தன் மகன் லாசரின் பெயரை எழுதினார். பக்கத்தில் நின்ற மனைவி சுகிர்தம் அதைப் பார்த்தார்.

"என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டியளே," என்றார். குரல் உயரவில்லை. பூசைக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

இவர்கள் மன்னார், வங்காலைக்காரர். மடுத்தீன் 1998இல் பாரிசுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினார். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பத்தை மூன்று மாதம் பிந்திப் போட்டார். அதற்குள் லாசருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சுகிர்தமும் எட்டு வயது டிலானியும் 2006இல் விமானம் ஏறினார்கள். லாசர் மாமன் வீட்டில் தங்கினான். யுத்தம் அவனை வன்னிக்குள் தள்ளிக்கொண்டு போனது. 2009 ஏப்ரலில் கடைசியாகத் தொலைபேசியில் பேசினான். "சாப்பிட்டனான் அம்மா. யோசிக்காதேங்கோ." அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்த வாரங்களில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி பாரிஸ் வீதிகளில் நாள்தோறும் தமிழர் கூட்டம். சுகிர்தமும் மகனின் படத்தோடு நின்றார். மே மாதம் யுத்தம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. கூடும்போது எத்தனை பேர் என்று எல்லோரும் எண்ணுவார்கள். கலைந்த பிறகு யார் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை.

சுகிர்தம் போன இடம் பாரிஸின் புறநகரான லா கூர்னெவ். கந்தோர்களில் அவரோடு துப்பரவு வேலை செய்த ஞானமலர்தான் 2011இல் அங்கே கூட்டிப் போனார். பழைய சாமான் கிடங்கொன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய பெந்தெகொஸ்தே சபை. பாஸ்டர் தவரத்தினம் சுகிர்தத்தின் தலையில் கை வைத்து மகனின் பெயரைக் கேட்டார்.

"லாசர்."

"லாசரோ? நாலு நாள் கல்லறையிலை கிடந்தவனையே கர்த்தர் எழுப்பினவர், தங்கச்சி. உங்கடை மகன் உயிரோடை இருக்கிறான்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சுகிர்தம் வாய்விட்டு அழுதார். அந்தச் சபையில் சுரூபங்களுக்கு இடமில்லை; அன்று பின்னேரமே மார்க்ஸ் டோர்மோய் பகுதியிலிருந்த தங்கள் வீட்டுச் சுவரிலிருந்து மடு மாதா சுரூபத்தை இறக்கினார். மடுத்தீன் அதை எடுத்துத் தன் உடுப்பு அலுமாரிக்குள் வைத்தார். சண்டை பிடிக்கவில்லை. ஞாயிறுகளில் இருவரும் ஒரே படியால் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். டிலானி பகிடி விடுவாள்: "அப்பான்ரை யேசுவிட்டை நடந்து போகலாம். அம்மான்ரை யேசுவிட்டைப் போக நவிகோ ரயில் கார்ட் வேணும்."

2013இல் ஒரு நாள் டிலானி சரித்திரச் சோதனைக்குச் சமையலறை மேசையில் இருந்து படித்தாள். என்ன பாடம் என்று தாய் கேட்டார். இங்கிலாந்து ராசாக்கள் என்றாள். ஒரு ராசா ரோமையோடு உறவை முறித்தான். அவனுடைய மகன் வந்து, செத்தவர்களுக்குப் பூசை வைப்பதையே நிறுத்தினான். பிறகு மூத்த மகள் வந்து பூசையைத் திரும்பக் கொண்டுவந்தாள். அவளும் செத்தபின் இளைய மகள் வந்து மறுபடி நிறுத்தினாள். மகன் நிறுத்தியதிலிருந்து இளைய மகள் நிறுத்தியது வரை எல்லாம் பன்னிரண்டு வருடத்துக்குள்.

சுகிர்தம் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "அப்ப நிப்பாட்டின காலத்திலை செத்ததுகளுக்கு ஆர் மன்றாடினது?"

புத்தகத்தில் அது இல்லை என்று டிலானி பிரெஞ்சில் சொன்னாள்.

"ஒளிச்சு மன்றாடியிருக்குங்கள்," என்றார் மடுத்தீன், அறையிலிருந்து.

"இல்லாட்டி, சாகேல்லை எண்டு நினைச்சிருக்குங்கள்," என்றார் சுகிர்தம்.

மடுத்தீன் ஒவ்வொரு நவம்பரும் வலப்பக்கம் எழுதினார். சுகிர்தம் ஒவ்வொரு ஞாயிறும் லாசர் வந்து சேர வேண்டுமென்று உபவாசம் இருந்தார். 2018இல், ஆராதனை முடிந்து கதிரை அடுக்கும் நேரத்தில், பாஸ்டரிடம் போனார்.

"ஒன்பது வருசமாச்சு பாஸ்டர்."

பாஸ்டருக்கும் வயதாகிவிட்டது. "கர்த்தருடைய சித்தம் எங்களுக்குத் தெரியாது, தங்கச்சி."

"அவன் செத்திருந்தால், அவனுக்காகச் செபிக்கலாமோ?"

"செத்தவைக்குச் செபம் இல்லை. வேதத்திலை அப்பிடி இல்லை."

அவர் தன் சபையின் போதனையைத்தான் சொன்னார். சுகிர்தம் ரயிலில் அதை யோசித்துக்கொண்டு வந்தார். லாசர் உயிரோடு இருந்தால், இத்தனை வருடச் செபமும் அவனைக் கொண்டுவரவில்லை. செத்திருந்தால், இத்தனை வருடமும் தாய் அவனுக்காக ஒரு வார்த்தை மன்றாடவில்லை.

அந்த நவம்பர் அவர் கோயில் மேசைக்கு வந்தார். இராயப்பு எழுந்து நின்றார். "சுகிர்தம் அக்கா, கண்டு கனகாலம். எந்தப் பக்கம்?"

சுகிர்தம் பேனையை வாங்கி வலப்பக்கம் எழுதத் தொடங்கினார். பின்னால் நின்ற மடுத்தீன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுதாதை."

"நீங்கள் எட்டு வருசமா எழுதினனியள்தானே."

"நீ அவன் இருக்கிறான் எண்டு நம்பிக்கொண்டு இருந்தாய். அதாலை என்னாலை எழுத முடிஞ்சுது."

சுகிர்தம் கையை விடுவித்து எழுதி முடித்தார். இராயப்பு தாளைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். "அண்ணை, பின்னாலை ஆக்கள் நிக்கினம். வெட்டுறதோ, விடுறதோ?"

சுகிர்தம் பேனையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பூசையில் லாசரின் பெயர் நாற்பத்து மூன்றாவதாக வாசிக்கப்பட்டது. அடுத்த பெயர் உடனே வந்துவிட்டது. மடுத்தீன் அப்போது வெளியே நடைபாதையில் நின்றார்.

மாதா சுரூபம் சுவருக்குத் திரும்பியது. சுகிர்தம் இரவில் செபமாலை சொல்கிறார். மனம் ஆறுமென்று நினைத்தாராம். ஆறவில்லை என்று மகளிடம் சொன்னார்.

2019 தவக்காலத்தில் மடுத்தீன் ஞாயிறுகளில் லா கூர்னெவுக்கு ரயில் ஏறத் தொடங்கினார். கிடங்கில் கடைசி வரிசையில் இருப்பார். பாட்டுகள் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முன்னே போனார். பாஸ்டர் தலையில் கை வைத்து மகனின் பெயரைக் கேட்டார். மடுத்தீன் சொன்னார். பாஸ்டர் கண்ணை மூடினார். "ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

வீட்டில் சுகிர்தம் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "என்ன சொன்னவர்? இருக்கிறான் எண்டோ?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் மடுத்தீன்.