உத்தரவு வராத சங்கு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றாலே விளையாட்டாகப் போய்விட்டது. போன மாதம் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் நின்றிருந்தேன். உள்ளே தீ அபாய மணி அலறுகிறது. ஒத்திகையாம். பிள்ளைகள் டீ கப்பும் கையுமாக, போனில் படம் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி வருகிறார்கள். முன்னால் வந்த வாத்தியாரும் போன்தான் பார்க்கிறார். மணி நின்ற பிறகும் நான் மட்டும் அந்தக் கல்லூரியின் மொட்டை மாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று சொல்கிறேன். இது என் உடம்பில் நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

1971 டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகள் இருந்ததால் குண்டு விழும் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பயம். வெள்ளானூர் போகும் வழியில் ஒரு தொழில் படிப்புக் கல்லூரி. அதன் விடுதியில் நான் வாட்ச்மேன். மொட்டை மாடியில் மூன்று கால் ஸ்டாண்டு போட்டு ஒரு அபாயச் சங்கு, அதாவது சைரன், வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குக் கரண்ட் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் ஊதும். ஏற்றி இறக்கி ஊதினால் ஆபத்து. நூற்றுப்பத்துப் பிள்ளைகளும் விளக்கை அணைத்துவிட்டுப் படி இறங்கி, மைதானத்துப் பதுங்கு குழிக்குள் போய்ப் படுக்க வேண்டும்.

சுற்றுவது என் வேலை. அதுவும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வார்டன் பரந்தாமனுக்குப் போன் வந்து, அவர் என்னிடம் சொன்னால்தான். உத்தரவில்லாமல் ஊதினால் ஜெயில் என்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளதைத்தான் படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஜெயில் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. வீட்டில் என் மனைவி கன்னியம்மாவுக்கு எட்டு மாதம். நான் உள்ளே போனால் அவளுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் கிடையாது.

9ஆம் தேதி, வியாழக்கிழமை. தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. இருட்டடிப்பு என்பதால் எங்கேயும் வெளிச்சமில்லை. நானும் சமையல்காரன் வேம்புலியும் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் வருடம் படிக்கும் தேவராஜ் தட்டோடு வந்தான்.

"இன்னா நைனா, இன்னிக்கு சங்கு உண்டா? சேத்துல பொரள்றதுக்கு எந்தச் சட்டையப் போடட்டும்?"

"போன் வந்தா ஊதுவேன். உன் சட்டையக் கேட்டுகினா ஊதுவாங்க?"

"அவன்கிட்ட கீறதே ஒரு சட்ட மாமே," என்றான் வேம்புலி.

தேவராஜ் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனான். மணி ஏழு பத்து.

ஏழு பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது.

வேம்புலி என்னைப் பார்த்தான். "நீ இங்க கீறே. மேல யாரு?"

நான் தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எவனோ விளையாடுகிறான், ஜெயிலுக்குப் போகப் போவது நான். அது மட்டும்தான் மனசில் இருந்தது.

படியில் பிள்ளைகள் கீழே வந்துகொண்டிருந்தார்கள். கும்மிருட்டு. நான் ஒருவன்தான் மேலே போகிறேன். "போன் வரல, உத்தரவு இல்ல, நில்லுங்கடா" என்று கத்தினேன். சங்குச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒருவன் விழுந்தான். அவன் மேல் இன்னொருவன். என் நெஞ்சில் ஒரு கால் ஏறி இறங்கியது. பக்கத்தில் எலும்பு முறிந்தது... காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி. சங்கு ஏற ஏற, பின்னால் இருந்தவர்கள் இன்னும் நெருக்கினார்கள். தடியால் அடித்து வழி பண்ணிக்கொண்டு ஏறினேன். யாரை அடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது.

பூட்டு படிப் பக்கம்... என் பக்கம் தொங்கியது. சாவி என் இடுப்பில். மாடிக்கு வேறு வழி கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதுகிறது.

திறந்தேன்.

இருட்டில் ஸ்டாண்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை. நான் இரண்டு நிமிடம் சுற்றினால் தோள் விட்டுப் போகும். இது மூச்சே வாங்காமல் சுற்றியது.

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

நிற்கவில்லை. என்னைத் தூக்கிப் போட்டது. தோள்பட்டை கழன்றது. மறுபடி பிடித்தேன். வழவழவென்று ஈரம். மழை ஈரம் என்று நினைத்தேன். கைப்பிடி மரம். மரம் சுடாது...

அது சுட்டது.

கீழே விழுந்த தடியைத் தடவி எடுத்து, ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஓங்கி அடித்தேன். மெத்தென்று எதிலோ இறங்கியது.

அது தடியைப் பிடுங்கிக்கொண்டது.

அதே தடி என் வாயில் விழுந்தது. நான்கு பல். ரத்தம் தொண்டையில் இறங்கியது. திரும்ப முழங்காலில். திரும்ப...

கீழே பிள்ளைகள் அலறினார்கள்.

தவழ்ந்து போய் ஸ்டாண்டின் காலைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தேன்.

விழுந்தது. உறுமியது. நின்றது.

மணி ஏழு பத்தொன்பது.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

நான் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. பதினான்கு பேருக்கு எலும்பு முறிவு. தேவராஜ் படியிலேயே நசுங்கிச் செத்துவிட்டான். வராந்தாவில் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். எஸ்.ஐ. என் சட்டையைப் பிடித்து, "சாவி உன்கிட்ட. ஊதினது நீ. உத்தரவு யார்றா குடுத்தது?" என்றார். வீங்கிய வாயில் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு மாட்ட விலங்கை வெளியே எடுத்தார்.

வார்டன் குறுக்கே வந்தார். "இவன் ஊதியிருக்க முடியாது சார். பசங்க விளையாடுறாங்கன்னு நேத்து சாயங்காலம் இவன்கிட்ட சாவி வாங்கிப் போய், கைப்பிடியக் கழட்டிட்டு வந்து சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"அத இவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. இவன் மேலயும் எனக்குச் சந்தேகம்தான்."

பீரோவைத் திறந்தார். பேப்பரில் சுற்றி வைத்த கைப்பிடி. கிரீஸ்கூடக் கலையவில்லை.

எஸ்.ஐ. மாடிக்குப் போய்ச் சங்கைப் பார்த்தார். கைப்பிடி மாட்டுகிற இரும்பு அச்சு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் தோல் சுற்றியிருந்தது. மனுஷத் தோல். நடுவில் ஒரு நகம், வேரோடு.

கீழே வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். "கையை நீட்டுங்கடா." நான், வேம்புலி, வார்டன், பிள்ளைகள். யார் கையிலும் தோல் உரியவில்லை. ஒருவனுக்கும் நகம் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி அங்கே இருந்த கைகளையும் பார்த்தார்கள். கடைசியாகத் துணியை விலக்கி, தேவராஜ் கைகளையும் விரித்துப் பார்த்தார்கள். பத்து நகமும் இருந்தது.

எஸ்.ஐ. விலங்கைப் பையில் போட்டுக்கொண்டார். "உன் மேல கேஸ் இல்ல. போ."

சாவியை வார்டன் மேஜையில் வைத்தேன். "வேலைக்கு வர மாட்டியா?" என்றார். நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன். பேய் என்று வேம்புலி இன்றைக்கும் சொல்கிறான். நான் நம்பவில்லை. வார்டனையும் நம்பவில்லை. அந்த ஆள் இரண்டாவதாக ஒரு கைப்பிடி வைத்திருப்பார். தோலுக்கும் நகத்துக்கும் ஏதாவது காரணம் இருக்கும். அதை நின்று கேட்க எனக்கு மனமில்லை. கழன்ற தோளைப் பிடித்துக்கொண்டு ஆவடி ரோட்டில் நடந்தேன்.