வாஷ்பேசினில் ஊற்றிய கஞ்சி

தீவிர சிகிச்சைப் பிரிவில் மாமனாரின் கட்டிலை ஒட்டியிருந்த வாஷ்பேசினில், எட்டு நாள் தினம் ஒரு பிளாஸ்க் கஞ்சியை ஊற்றியவன் நான். பொதுச் சுகாதாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் கிண்டலாகக் கட்டுரை எழுதுகிறவனும் நானே.

மாமனாருக்கு நிமோனியா, வாயில் வென்டிலேட்டர் குழாய். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் பத்து நிமிடம். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்க மாட்டேன் என்று மனைவி நெல்லித்தோப்பு வீட்டிலேயே இருந்துவிட்டாள். கஞ்சி மட்டும் வந்தது. முதல் நாள், அப்பா ரெண்டு வாய் குடித்தாரா என்று கேட்டாள். குடித்தார் என்றேன். பிறகு பிளாஸ்க் தினமும் காலியாகத் திரும்பியாக வேண்டுமே. வெளியே வராந்தா முழுக்க உறவுக்கூட்டம். பேசினோ கைக்கெட்டும் தூரத்தில்.

ஒன்பதாம் நாள், தணிந்திருந்த காய்ச்சல் மறுபடி ஏறியது. சளியில் புதுக் கிருமி. நர்ஸம்மா பேசின் துளைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்தெடுத்தார். அடியில் வளைந்த குழாயில் தேங்கும் தண்ணீரில் கிருமி குடியிருக்குமாம். சாப்பாட்டு மிச்சம் விழுந்தால் அதற்கு விருந்து. மேலே குழாயைத் திறந்தால் கட்டில்வரை தெறிக்கும்.

"இதுல எதனா ஊத்துனீங்களா சார்?"

இல்லை என்றேன். அதோடு விட்டேனா? நம் ஜனங்களுக்குச் சுத்தம் போதாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமனாரின் கையைத் தொட்டேன், கொதித்தது. நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்காமல், பேசினைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அரை மணியில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள், பேசினை மூடி ஒட்டினார்கள், மருந்தை மாற்றினார்கள். கஞ்சிதான் காரணமா என்று கேட்டதற்கு, "அத யாரும் உறுதியா சொல்ல முடியாது சார்" என்றார். அந்தச் சலுகையை இன்றுவரை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

மாமனார் பிழைத்தார். அவர் வீடு திரும்பிய வாரம், மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"கொழா போட்ட மனுசன் எப்படிங்க குடிப்பாரு? ரெண்டாம் நாளே டாக்டரு போன்ல சொல்லிட்டாரு. அப்புறம் அனுப்புனதெல்லாம், வராந்தாவுலயே கெடக்குறீங்களேன்னு உங்களுக்குத்தான். அதான் உங்க ருசிக்கு உப்பு தூக்கலா போட்டேன்."