அழிக்கச் சொன்ன அம்மா

கல்லூரியின் கடைசி வருடத்தில் என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருந்த டிஸ்க்குகள் எல்லாமே தடிமன். என் லேப்டாப்புக்குள் அடங்கவில்லை.

அப்போது வடமதுரையிலிருந்து ஓர் அம்மா, விபத்தில் இறந்துபோன மகனின் லேப்டாப்பை விற்க வந்தார். கடைக்காரர் அதிலிருந்த மெல்லிய டிஸ்க்கைக் கழற்றி என்னுடையதில் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"உள்ள இருக்கிறத அழிக்கணும்மா" என்று கடைக்காரர் அந்த அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணன் போட்டோவையெல்லாம் பென்டிரைவ்ல ஏத்தித் தரச் சொல்லவாம்மா?" என்று கேட்டேன்.

"அத எதுல போட்டுப் பாப்பேன் தாயி? பாத்தா அன்னைக்குச் சோறு எறங்காது. அழிக்கட்டும். நீயாச்சும் படிச்சு முடி" என்றார்.

அழித்து முடியும்வரை அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன். அவர் மகனின் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருப்பார்.