கட்டில் இல்லாத பிரசவம்

போன வியாழக்கிழமை, வலியில் துடித்த ஒரு பெண்ணை அதட்டிவிட்டேன். அன்றிலிருந்து மனசே சரியில்லை. இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தை விடாமல் படிக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கொல்லிமலை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு நான் டாக்டராக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அன்று காலை, மலைமேல் குண்டூர் நாடு என்ற கிராமப் பகுதியிலிருந்து ஒருவர், ஊர்க்காரர்கள் நாலு பேருடன் மூச்சிரைக்க வந்தார். மனைவி செல்லாயிக்குத் தலைப்பிரசவம், முந்தின நாளிலிருந்து வலி என்றார். மூங்கிலில் டோலி கட்டி என்னைத் தூக்கிப் போனார்கள்.

வீட்டு விட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு செல்லாயி முழங்காலிட்டிருந்தாள். பின்னாலிருந்து மாமியார் தாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அப்படித்தான் பிள்ளை பெறுவார்களாம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல்ல படு!" என்றேன்.

கட்டில் ஏது? பாயில் படுக்கவைத்தேன். படுத்ததும் வலி ஓய்ந்துபோயிற்று. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டேன்... மந்தமாகிக்கொண்டு வந்தது.

"டாக்டரம்மா, எந்திரிச்சுக்கறனுங்க. படுத்தா முக்க முடியலீங்க."

"பேசாமப் படு! எழுந்தா ஆபத்து!"

யாருக்கு ஆபத்து? எனக்குத்தான்! முழங்காலிட்ட பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க எனக்குத் தெரியாது. பிரசவப் பாடத்தில் மெடல் வாங்கியபோது இந்தப் பக்கத்தில் எவ்வளவு பீற்றிக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? நான் படித்ததெல்லாம் இடுப்பு உயரக் கட்டில், இரண்டு பக்கமும் நர்ஸ், கேட்டவுடன் வெந்நீர்...

"ஏனுங்க, கொழந்தைக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டார் மாமியார்.

மறுபடி துடிப்பைக் கேட்டேன். இன்னும் குறைந்திருந்தது. இனி என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது?

"எழுந்துக்கோம்மா," என்றேன்.

செல்லாயி கயிற்றைப் பிடித்தாள். நான் சாணி மெழுகிய தரையில் மண்டியிட்டேன். குழந்தை வருவதைப் பார்க்க அதுவும் போதவில்லை. அவளைப் படுக்கச் சொன்ன நான், கடைசியில் ஒருக்களித்துப் படுத்தே விட்டேன்!

நாலைந்து வலிதான். என் கைகளில் வழுக்கிக்கொண்டு வந்தாள் ஒரு பெண் குழந்தை. அழவில்லை. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்... வீறிட்டாள்! நானும் அழுதேன். வெட்கமாக இல்லை.

மலை இறங்கும்போது யோசித்தேன். சர்வகலாசாலையில் நோயைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார்கள். நோயாளியின் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி உண்டா? கடைசி வருஷ மாணவர்களை ஆறு மாதம் இப்படி ஓர் ஊருக்கு அனுப்பினால் என்ன? டாக்டருக்கு மட்டுமில்லை — வக்கீலுக்கும் எஞ்சினீயருக்கும்தான் சொல்கிறேன். கூடவே புரொபஸர்களும் வரட்டும். பரீட்சையையும் அங்கேயே வைக்கட்டும். பாஸா ஃபெயிலா என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லட்டும்!

என் ரிசல்ட்டைச் செல்லாயி அன்றே சொல்லிவிட்டாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"பயந்துட்டீங்களா, டாக்டரம்மா? உங்களுக்கும் இதுதான் மொதப் பிரசவமுங்களா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாற்பதுக்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன்.

"ஆமாம், செல்லாயி," என்றேன்.